ஆயுத பூஜைக்கு மட்டும் போனட்டைத் திறப்பவர்களுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி இருக்கும். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் கார் போனட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, பழைய பனியனும் லுங்கியுமாக, பேட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியின் மேல் சோடா உப்பு கலந்த வெந்நீரை ஊற்றிக்கொண்டிருந்தேன். நடைப்பயிற்சி முடித்துவிட்டு வந்த மூன்றாவது மாடிக்காரர் நின்றார்.

"என்ன சார், மெக்கானிக் வரலையா?"

"இல்ல சார், நானேதான்."

"ஒரு போன் போட்டா வீட்டுக்கே வந்து பண்ணிட்டுப் போறானே சார், உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?"

நல்ல மனுஷன், அக்கறையில்தான் கேட்டார். ஆனால் பாருங்கள், எனக்கு 'சார்', மெக்கானிக்குக்குப் 'போறான்'. கையில் கரி படுகிற வேலை யாரோ ஒரு 'அவன்' செய்ய வேண்டியது, பத்து லட்சம் கொடுத்து வண்டி வாங்கியவர் ஏசியைப் போட்டுக்கொண்டு ஓட்டினால் போதும் என்று நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. ஆயுத பூஜை வந்தால் அதே வண்டிக்குச் சந்தனம், குங்குமம், மாலை, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், பூசணிக்காய் உடைத்துத் தெருவில் போகிறவர்களை வழுக்கி விழவைப்பது வரை எல்லாம் செய்வோம். இன்ஜின் ஆயில் அளவு பார்க்கிற கம்பி, அதான் டிப்ஸ்டிக், எங்கே இருக்கிறது என்று கேட்டால் டிரைவர் லீவு என்போம்.

இதில் பணம் பெரிதாக மிச்சமாகும் என்று நினைத்து யாரும் இறங்காதீர்கள், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருஷத்துக்குச் சில ஆயிரம் மிச்சமாகலாம், அதில் பாதிக்கு நாம் ஸ்பேனர் செட் வாங்கிவிடுவோம். எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது வேறு காரணத்தால்.

என்னுடையது 2014 மாடல் கிராண்ட் ஐ10. போன வருஷம் கோடையில் ஏசியில் காற்று குறைந்தது, கூடவே ஈரச் சாக்கு மாதிரி ஒரு வாடை. சர்வீஸ் சென்டரில் விட்டேன், பெயர் எதற்கு. ஏசியில் ஏதோ மருந்து அடித்து நுரை வரவழைத்துச் சுத்தம் செய்ததாகச் சொல்லி 18 சதவீத ஜிஎஸ்டியோடு பில் போட்டார்கள். இரண்டு வாரம் எலுமிச்சை வாசனை வந்தது, அப்புறம் பழையபடி சாக்கு. திரும்பப் போனால், "கூலிங் காயிலை இறக்கணும் சார், டேஷ்போர்டு கழட்டற வேலை, ஆறாயிரம் ஏழாயிரம் ஆகும்" என்றார்கள். வீட்டுக்கு வந்து, எதற்கும் பார்ப்போம் என்று குளோவ் பாக்ஸைத் திறந்தேன். உள்ளே இரண்டு பக்கமும் திருகு மாதிரி ஒரு பிளாஸ்டிக் குமிழ் இருக்கும், அதைக் கழற்றினால் பெட்டி மொத்தமும் கீழே தொங்கிவிடும். அதற்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மூடி. அழுத்தி இழுத்தால் ஏசி ஃபில்டர். வெள்ளையாக இருக்க வேண்டிய அது அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது, அதன் மேல் பொடிப்பொடியாகக் கிழித்த டிஷ்யூ பேப்பர், வேப்பங்கொட்டை, நிலக்கடலைத் தோல். எலி குடித்தனம் நடத்திவிட்டுப் போயிருக்கிறது! நான் அந்தக் காற்றைத்தான் கண்ணாடியை ஏற்றிவிட்டு மாதக்கணக்கில் சுவாசித்திருக்கிறேன்.

சென்னை ஜெனரல் பீட்டர்ஸ் சாலையில் ஒரு கடையில் முந்நூற்றுச் சொச்சத்துக்குப் புது ஃபில்டர் கிடைத்தது. அதன் ஓரத்தில் அம்புக்குறி இருக்கும், காற்று போகிற திசை, அதைப் பார்த்துச் செருக வேண்டும். ஐந்து நிமிஷ வேலை.

சர்வீஸ் சென்டரில் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே வேலை பார்க்கிற பையனுக்கு நாள் முழுக்க வண்டி வரிசையில் நிற்கிறது, பில் எழுதுகிறவருக்கு மாச டார்கெட் தலைக்கு மேல் தொங்குகிறது. ஒரு வண்டி முன்னால் உட்கார்ந்து அதை நிதானமாகப் பார்க்க அவர்கள் யாருக்கும் நேரம் கிடையாது. எனக்கு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம், அதுவே போதுமான வித்தியாசம்.

டயரை எடுத்துக்கொள்ளுங்கள். பங்கில் காற்றடிக்கிற பையன் "எவ்வளவு சார்" என்றால் "நார்மலா போடுப்பா" என்கிறவர்கள்தான் நம்மில் பாதிப் பேர். எந்த நார்மல்? டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கம்பெனிக்காரனே அச்சடித்து வைத்திருக்கிறான். அந்த அளவு வண்டி ஓடாமல், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதற்கு. மே மாத மத்தியானத்தில் ஜிஎஸ்டி நெடுஞ்சாலையில் நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் போய்ப் பார்த்தால் சூட்டில் மூன்று நாலு பிஎஸ்ஐ கூடுதலாகத்தான் காட்டும், அதை நம்பிக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் டயர் குறைவாக இருக்கும். காற்றழுத்தம் பார்க்கிற ஒரு சின்ன கேஜ் வாங்கி வைத்துக்கொண்டு காலையில் காபி குடிக்குமுன் நாலையும் பார்த்துவிடுகிறேன். நாலு இல்லை, ஐந்து. ஸ்டெப்னியை மறக்காதீர்கள். என் ஸ்டெப்னியை முதல்முறை வெளியே எடுத்தபோது ரோட்டில் படுகிற பட்டன் எல்லாம் அப்படியே புதுசாக இருந்தது, ஒருநாள்கூட ரோட்டைப் பார்க்காத டயர். பக்கவாட்டில் பார்த்தால் நாலு இலக்கம், 1114. அதாவது 2014ஆம் வருஷம் பதினோராவது வாரம் தயாரானது. ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கிழடாகும், பக்கச் சுவரில் முழுக்க முழுக்க மயிரிழை விரிசல். திண்டிவனம் தாண்டி ராத்திரி பதினோரு மணிக்குப் பஞ்சர் ஆகியிருந்தால் நான் அதை நம்பித்தான் மாட்டியிருப்பேன்.

கூலன்ட் (இன்ஜினைக் குளிரவைக்கிற திரவம்), வைப்பர், ஏர் ஃபில்டர் எல்லாம் விளக்க அவசியமே இல்லாத வேலைகள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், கொதிக்கிற தண்ணீர் முகத்தில் அடிக்கும். கூலன்ட் குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள், உங்கள் வீட்டு பாத்ரூம் பக்கெட்டில் படிகிற அதே உப்பு இன்ஜினுக்குள்ளும் படியும். பேட்டரி கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

இப்போது அடுத்த பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் தம்பி இங்கே வந்து மானத்தை வாங்குவான். தைரியம் முற்றி ஒருமுறை இன்ஜின் ஆயிலையும் நானே மாற்றினேன். பழைய ஆயிலை வடித்து, ஃபில்டரைக் கழற்றி, புதுசின் ரப்பர் வளையத்தில் விரலால் ஆயில் தடவி, எல்லாம் வீடியோவில் காட்டியபடியே செய்தேன். ஸ்டார்ட் செய்த அரை நிமிஷத்தில் வாட்ச்மேன் அண்ணன் கத்தினார், "சார், வண்டி ஒண்ணுக்குப் போகுது!" அடியில் கறுப்பாகக் குளம். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் கழன்று வராமல் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, நான் அதைப் பார்க்காமல் அதன் மேலேயே புதுசை ஏற்றியிருக்கிறேன். உடனே அணைத்ததால் இன்ஜின் பிழைத்தது. மூன்று லிட்டர் புது ஆயில் தரையில். மரத்தூள் கொட்டி, பனியன் வேஸ்ட் போட்டுத் துடைத்து, அசோசியேஷன் செக்ரட்டரியிடம் அரை மணி நேரம் பேச்சு வாங்கினேன்.

அன்றிலிருந்து ஆயில் வேலை என் மெக்கானிக் அண்ணனிடம்தான். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்ப்பேன். பழைய ஆயிலை வீட்டில் வடித்தால் அதை என்ன செய்வது என்கிற தலைவலியும் இல்லை, சாக்கடையில் ஊற்றுகிற பாவமும் இல்லை. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடுவதெல்லாம் சத்தியமாக வேண்டாம், அந்த ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும்தான். பிரேக்கையும் தொடமாட்டேன். பிரேக் ஆயில் டப்பாவில் அளவை மட்டும் பார்ப்பேன், குறைந்தால் ஊற்றி நிரப்பவும் மாட்டேன், ஏனென்றால் பிரேக் பேட் தேயத் தேய அந்த அளவு இறங்கும், மேலே ஊற்றி நிரப்பினால் தேய்ந்தது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஒழுகினாலும் இறங்கும், இரண்டில் எது என்று மெக்கானிக் அண்ணன் பார்த்துச் சொல்லட்டும். புது வண்டி வைத்திருப்பவர்கள் வாரன்டி முடிகிறவரை சர்வீஸை பில்லோடு சென்டரிலேயே செய்யுங்கள், காற்றும் தண்ணீரும் மட்டும் பாருங்கள்.

இத்தனைக்கும் அப்புறம் ஒரு ஆச்சரியம், மெக்கானிக் அண்ணன் என்னிடம் பேசுகிற விதமே மாறிவிட்டது. முன்பெல்லாம் "பாத்துக்கறேன் சார்" என்று அனுப்பிவிடுவார். இப்போது கழற்றிய ஸ்பார்க் பிளக்கைக் கையில் கொடுத்து, "முனை பாருங்க சார், நல்லா எரியுது, இன்னும் ஓட்டலாம்" என்கிறார். சர்வீஸ் சென்டரிலும் அப்படித்தான், த்ராட்டில் பாடி கிளீனிங், இன்ஜின் டிரெஸ்ஸிங் என்று லிஸ்ட் நீளும்போது "இது எதுக்கு, போன தடவை எப்ப பண்ணீங்க" என்று இரண்டு கேள்வி கேட்டாலே அந்தப் பேனா கொஞ்சம் தயங்குகிறது.

எலி மட்டும்தான் இன்னும் அடங்கவில்லை. புகையிலையைத் துணியில் முடிந்து போனட்டுக்குள் தொங்கவிடச் சொன்னார்கள், தொங்கவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை பேட்டரியைக் கழுவும்போது பார்த்தால் துணியைக் கிழித்து மெத்தை போட்டிருக்கிறது, புகையிலை ஓரமாகத் தனியாகக் கிடக்கிறது. வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள், பூனை வளர்க்கச் சொல்லாதீர்கள், செக்ரட்டரி ஏற்கெனவே என் மேல் கடுப்பில் இருக்கிறார்.