சினைச் சேம்பும் சருகுமானும்

எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் சென்ற வாரம் ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையில் குவித்தார்கள். அக்காள் மகள் ஒரு செடியைத் தூக்கிப் பிடித்து, "மாமா, இதுதான் கெலாடி புந்திங்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிக்க வேண்டிய பெயர்தான். மலாயில் கெலாடி என்றால் சேம்பு, புந்திங் என்றால் சினை. சினைச் சேம்பு! இலைக்காம்பு வயிறு போலப் புடைத்திருப்பதால் வந்த பெயர். அறுத்துப் பார்த்தால் உள்ளே பஞ்சும் காற்றும்தான்.

எனக்கு இந்தப் பெயரோடு நெடுநாள் வழக்கு உண்டு. அந்தப் பட்டம் உண்மையில் சருகுமானுக்கு, அதாவது நம் வாயில் வழங்கும் கஞ்சிலுக்குச் சேர வேண்டியது. பெண் கஞ்சில் குட்டி போட்ட இரண்டு மணி நேரத்திலேயே மறுபடி சினைப்படக் கூடியது. பருவம் வந்த பிறகு வாழ்நாளில் பெரும்பகுதியைச் சினையாகவே கழிக்க அதனால் முடியும். அப்படியும் கணக்கு ஏறுவதில்லை. நாலரை மாதம் போலச் சுமந்து, பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி. தாயின் எடையே இரண்டு கிலோ சொச்சம்தான். ஆகாயத்தாமரையோ ஓடுதண்டு விட்டு, சத்து மிகுந்த நீரில் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகிவிடும்.

பெயர்க் குழப்பம் அதோடு நிற்கவில்லை. ஆகாயத்தாமரை தாமரையும் இல்லை, சேம்பும் இல்லை. சருகுமானை மான் குடும்பத்திலேயே சேர்ப்பதில்லை. கொம்பு கிடையாது, ஆணுக்குக் கோரைப்பல் நீண்டு வெளியே தெரியும், இரைப்பையில் மூன்று அறைகள்தான், மானுக்கு நான்கு.

தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடியை எல்லோரும் திட்டுகிறோம். குட்டையில் விழும் சாக்கடைதான் அதற்குத் தீனி என்பதைப் பற்றிப் பேச்சில்லை. கஞ்சிலுக்கோ எங்கும் புகழ்மாலை. மலாக்காவை நிறுவிய இளவரசன் பரமேஸ்வராவின் வேட்டை நாயை அது உதைத்துத் தள்ளியதைப் பார்த்துத்தான் மலாக்கா எழுந்தது என்பது கதை. 1994-இல் வந்த பெரோடுவா காருக்கும் அதன் பெயர்தான். எங்கள் அப்பா வாங்கிய முதல் கார் அது. காட்டில் அதற்குக் கண்ணி வைப்பது மட்டும் நிற்கவில்லை. என் பாட்டியே தோட்டத்தில் தின்ற கஞ்சில் கறியை இன்றும் சப்புக்கொட்டிச் சொல்வார். சீனர்கள் பன்றிக்கு வேகவைக்க இந்தச் செடியை வெட்டிக்கொண்டு போனதையும் அவர்தான் சொன்னார். அப்போது அதற்கும் ஒரு மரியாதை இருந்திருக்கிறது!

கரையில் குவித்ததை ஏற்றிப் போக லாரி இன்னும் வரவில்லை. நேற்று இரவு பெய்த மழையில் பாதி மறுபடி குட்டைக்கே போய்விட்டது.