பச்சை உடம்பும் ஒரு ரத்தப் பரிசோதனையும்

ஐப்பசி அடைமழையில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. மார்கழிப் பனியில் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தும் எனக்கு வியர்த்துக் கொட்டியது. அடுத்து வந்த கத்தரி வெயிலில் கடலூரே வெந்துகொண்டிருந்தபோது நான் கம்பளி கேட்டேன். இந்த உடம்பு பஞ்சாங்கத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறதே என்று யாருக்காவது தோன்றியிருக்க வேண்டும். எனக்கே தோன்றவில்லை.

எதைச் சொன்னாலும் பதில் தயாராக இருந்ததுதான் காரணம். வீட்டில், "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்." மருத்துவமனையில், "உங்களுக்குத்தான் முடக்குவாதம் இருக்கிறதே."

முடக்குவாதம் எனக்கு 26 வயதில் வந்தது. மாமியார் அதைச் சரவாங்கி என்பார். உடம்பு தன் மூட்டுகளையே பகைவனென்று நினைத்துத் தாக்கும் நோய். குழந்தைக்குத் திட்டமிட்டதும், அதற்காக நான் சாப்பிட்டுவந்த மெத்தோட்ரெக்சேட் மருந்தை முன்கூட்டியே நிறுத்தினார்கள். அது கருவுக்கு ஆகாது. பயந்துகொண்டே இருந்தேன். ஆனால் கர்ப்பத்தின் நடுவில் விரல்கள் பூப்போல மடங்கின. பல வருடங்களுக்குப் பிறகு முறுக்குப் பிழிந்தேன். பலருக்கும் இப்படித் தணியும். இதைக் கவனித்த அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹென்ச், உடம்பிலேயே ஏதோ ஒரு பொருள் நோயை அடக்குகிறது என்று தேடிப் போய்க் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு வரை வந்தார். 1950இல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. பிரசவத்துக்குப் பிறகு வலி திரும்பும் என்று என்னையும் எச்சரித்திருந்தார்கள். அது துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு வரலாம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மூன்றாம் மாதம் தூளி முடிச்சுப் போடக் கை நடுங்கியது. குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கமில்லை, நெஞ்சு படபடத்தது. ஏழு கிலோ குறைந்தேன். பால் கொடுக்கிற உடம்பு இளைக்கத்தான் செய்யும் என்று மாமியார் சுறாப்புட்டும் பூண்டுக் குழம்பும் செய்து போட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளை பெற்றவளைத் தாங்க வேண்டும் என்பதற்காகத்தான் பச்சை உடம்பு என்ற சொல்லே இருக்கிறது. என் கோபம் படித்தவர்கள் மேல். ரெட்டிச்சாவடி, தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று பஸ்ஸில் குலுங்கிப் புதுச்சேரிக்குப் போய்க் காட்டினேன். மூட்டு வீக்கத்தைப் பார்த்து ஸ்டீராய்டைக் கூட்டினார்கள். அடுத்த முறை படபடப்பைச் சொன்னால், அது ஸ்டீராய்டால் என்றார்கள். கழுத்தை ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை.

மாசியில் படபடப்பு தானாக அடங்கியது. திருவந்திபுரத்து வேண்டுதல் பலித்தது என்று வீட்டில் மகிழ்ந்தார்கள்.

சித்திரையில் ஆரம்பித்தது மறுபக்கம். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. மாடிப்படி மலையாகத் தெரிந்தது. பால் வற்றியது. பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் மறந்தது. மனச்சோர்வாக இருக்கும் என்றார் ஒரு உறவினர். கடைசியில் கேட்டவர், தேவனாம்பட்டினத்திலிருந்து தினமும் வரும் மீன்காரம்மா. "ஏன் பாப்பா, குரல் இப்படிக் கரகரக்கிறது? முகமும் உப்பிக் கிடக்கிறது. என் மருமகளுக்கும் இப்படித்தான் இருந்தது. தைராய்டாம். ரத்தம் கொடுத்துப் பார்." அன்று சங்கரா மீனுக்கு நான் பேரம் பேசவில்லை.

டிஎஸ்எச் 46 என்று வந்தது. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியை வேலை செய்யத் தூண்டும் ஹார்மோன் அது; சுரப்பி சோர்ந்தால் ஏறும். நான்கைத் தாண்டினாலே கவனிக்க வேண்டிய எண். உடம்பு தன் தைராய்டுக்கு எதிராகவே உண்டாக்கும் டிபிஓ ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் பொருளும் எக்கச்சக்கம்.

பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு அழற்சி என்றார் புதிய மருத்துவர். கர்ப்பத்தில் அடங்கியிருந்த எதிர்ப்புச் சக்தி, பிரசவம் முடிந்ததும் சீறி எழுந்து சுரப்பியைத் தாக்குகிறது. கரை உடைந்த ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். சேர்த்து வைத்திருந்த ஹார்மோன் முதலில் வெள்ளமாக ரத்தத்தில் பாயும். அதுதான் என் மார்கழி வியர்வை. பிறகு ஏரி வறண்டு கிடக்கும். அதுதான் கத்தரிக் குளிர். வெள்ளக் கட்டத்தில் சுரப்பியை அடக்கும் மாத்திரையால் பயனில்லை, ஏனென்றால் அது அதிகமாகச் சுரக்கவில்லை, ஒழுகுகிறது. படபடப்பைத் தணிக்க மட்டும் மருந்து தருவார்கள். நூறு தாய்மாரில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு இது வருகிறது. பலருக்கு ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் சரியாகிவிடும். எனக்கு ஆகவில்லை. குழந்தைக்கு மூன்று வயது, நான் இன்னும் மாத்திரையில்.

அந்த மாத்திரையிலும் ஒரு கூத்து. இரும்புச்சத்து, கால்சியம், தைராய்டு ஹார்மோனை ஈடுகட்டும் தைராக்சின் மூன்றையும் ஒரே வாயில் போட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். ஆறு வாரம் கழித்தும் எண் இறங்கவில்லை. வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரமாவது காப்பியைத் தள்ளிவைக்க வேண்டும். இரும்பும் கால்சியமும் நான்கு மணி நேரம் கழித்து. இதைச் சொன்னவர் மருந்துக் கடைக்காரர்.

என் வாதம் சின்னது. தன் உடலையே தாக்கும் நோய் ஒன்று இருப்பவளுக்கு இன்னொன்று வரும் வாய்ப்பு அதிகம் என்பது மருத்துவர்களுக்குத் தெரியாத ரகசியமல்ல. அப்படியிருக்க, மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் ஒரு டிஎஸ்எச் எடுத்தால் என்ன? ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிற கூலி அளவுதான் செலவு. குழந்தைக்கு ஆறு, பத்து, பதினான்காம் வாரம் என்று தேதி போட்டு அட்டை தருகிறார்கள். நான் ஒன்றுகூடத் தவறவிடவில்லை. பதினான்காம் வார ஊசிக்குக் குழந்தையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. "பயப்படாதீர்கள் அம்மா, குழந்தைக்கு ஒன்றும் ஆகாது" என்றார் செவிலியர்.

என் தங்கைக்குச் சிறு வயதிலிருந்தே இன்சுலின் போடும் முதல்வகைச் சர்க்கரை. அப்படிப்பட்டவர்களுக்கு இந்த அழற்சி மற்றவர்களைவிடச் சுமார் மூன்று மடங்கு வருகிறது. போன மாதம் முத்தியால்பேட்டையில் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனபோது தடுப்பூசி அட்டையை வாங்கி, பதினான்காம் வாரக் கட்டத்துக்குக் கீழே பேனாவால் எழுதிவிட்டு வந்தேன்: அம்மாவுக்கு டிஎஸ்எச்.