ஐந்து நட்சத்திரம் இருந்தால் போதுமா?

சனிக்கிழமை நம் சங்கத்தின் ஜூம் கூட்டத்தில் என்ன நடந்தது என்று இங்கே பலருக்கும் தெரியும். பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். "நல்ல நிகழ்ச்சியில ஏன் அக்கா நெகட்டிவா பேசுனீங்க?" என்று ஒரு தம்பி செய்தி அனுப்பிய பிறகு முடியவில்லை.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அமெரிக்காவில் வயதானவர்களுக்கு நர்சிங் ஹோம், அதாவது தங்கிப் பராமரிப்பு பெறும் இல்லம், தேடுவது எப்படி என்ற தலைப்பில் பேசியவர், மெடிக்கேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டின் தளத்தில் ஐந்து நட்சத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள், நேரில் ஒரு முறை சுற்றிப் பாருங்கள், அவ்வளவுதான் என்றார். அரசு ஆய்வாளர்கள் நேரில் பார்த்து எழுதும் ஆய்வு அறிக்கையைப் படிக்க வேண்டாமா என்று கேட்டேன். நேரமாகிவிட்டது என்று என் மைக்கை அணைத்துவிட்டார்கள். நன்றியுரைக்கு மட்டும் வேண்டிய அளவு நேரம் இருந்தது.

சரி, அங்கே சொல்ல விடாததை இங்கே சொல்கிறேன். நட்சத்திரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அறிக்கையைப் படியுங்கள்.

மெடிக்கேர் தளத்தில் இல்லங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் கேர் கம்பேர் பக்கத்தில் பெரிதாகத் தெரியும் அந்த மொத்த நட்சத்திரம் எப்படி வருகிறது என்று பாருங்கள். முதலில் அரசு ஆய்வாளர்கள் நேரில் வந்து பார்த்ததற்கான நட்சத்திரம். அதன்மேல், பணியாளர் பிரிவில் ஐந்து கிடைத்தால் ஒன்று கூடும். தரக் குறியீடுகள் என்ற பிரிவில் ஐந்து கிடைத்தால் இன்னொன்று கூடும். ஆக, ஆய்வில் மூன்றே நட்சத்திரம் வாங்கிய இடம்கூட ஐந்து நட்சத்திர இல்லமாக உங்கள் முன் நிற்கலாம். இந்தத் தரக் குறியீடுகளில் பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது தெரியுமா? அந்த இல்லமே எழுதிக் கொடுக்கும் கணக்கிலிருந்து. யாருக்குப் படுக்கைப்புண் வந்தது, யார் விழுந்து எலும்பு முறிந்தது என்பதையெல்லாம் அவர்களே எழுதி அவர்களே அனுப்புகிறார்கள். இன்னொன்றும் உண்டு. ஆய்வுக்கான நட்சத்திரம் அந்தந்த மாநிலத்துக்குள் ஒப்பிட்டுத் தருவது. மாநிலத்தில் முதல் பத்து சதவீதத்துக்கு ஐந்து, கடைசி இருபது சதவீதத்துக்கு ஒன்று. நியூ ஜெர்சி இல்லத்தையும் டெக்சாஸ் இல்லத்தையும் பக்கத்தில் வைத்து நட்சத்திரம் எண்ணுவதில் பயனே இல்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் மாமியார் இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தபோது, அடுத்து எங்கே அனுப்புவது என்று ஏற்பாடு செய்யும் மருத்துவமனை கேஸ் மேனேஜர் நர்சிங் ஹோம்களின் பட்டியல் ஒன்றை நீட்டி, நாளைக் காலைக்குள் ஓர் இடத்தைச் சொல்லுங்கள் என்றார். நல்ல நட்சத்திரம் உள்ள இடத்தைத்தான் எல்லோரும் கைகாட்டினார்கள். வரவேற்பறையில் பியானோ இருந்தது. பூ வாசனை வந்தது. வார நாட்களில் தெரபிக்கு நேரத்துக்கு அழைத்துப் போனார்கள், குறை சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைதான் அந்த இடத்தின் உண்மையான முகம் தெரிந்தது. ஒரு வராந்தா முழுவதற்கும் ஒரே ஒரு ஏய்ட், அதாவது உதவிப் பணியாளர். அழைப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அத்தைக்கு ஆங்கிலத்தில் 'வாட்டர்', 'பாத்ரூம்' தவிர வேறு வார்த்தை வராது. அந்த இரண்டையும் சொல்லக்கூட ஆள் வரவில்லை. நான் போனபோது நனைந்த துணியோடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "உனக்கு எதுக்கும்மா சிரமம்" என்றார். அதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை.

வார இறுதியில் அங்கே ஆள் குறைவு என்பது அதே தளத்தில் பணியாளர் பகுதியில் தனியாகவே இருந்தது. அந்தக் கணக்கு சம்பளப் பதிவேட்டிலிருந்து வருவது, கதை விட முடியாது. வார இறுதியில் ஒரு நோயாளிக்கு எத்தனை மணி நேரம், எத்தனை நர்ஸ்கள் ஒரு வருடத்துக்குள் வேலையை விட்டுப் போனார்கள் என்பதெல்லாம் இருக்கும். கூட்டத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? நட்சத்திரத்தோடு நிற்காதீர்கள் என்று இதனால்தான் சொன்னேன்.

"ஆய்வில் சின்னச் சின்ன விஷயத்தைக்கூட எழுதுவார்கள், அதைப் படித்தால் ஓர் இடமும் தேறாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதில் நியாயம் இருக்கிறது. குறையே இல்லாத அறிக்கை அபூர்வம். ஆனால் ஒவ்வொரு குறைக்கும் ஏ (A) முதல் எல் (L) வரை ஓர் ஆங்கில எழுத்து போடுகிறார்கள். டி, இ என்றால் யாருக்கும் அடிபடவில்லை, ஆனால் படக்கூடும். ஜி என்றால் ஒருவருக்கு உண்மையிலேயே தீங்கு நடந்திருக்கிறது. ஜே, கே, எல் என்றால் உயிருக்கே ஆபத்தான நிலை. குளிர்சாதனப் பெட்டி வெப்பநிலையைக் குறித்து வைக்கவில்லை என்பதும், விழுந்தவரைக் கவனிக்காமல் விட்டார்கள் என்பதும் ஒன்றா? அதையும் தாண்டி, புகாரின் பேரில் வந்த ஆய்வுகளைப் பாருங்கள். ஒரே குறை வருடா வருடம் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். சிவப்பு வட்டத்தில் ஒரு கை அடையாளம் இருந்தால், துன்புறுத்தல் தொடர்பாகக் குறை எழுதப்பட்ட இடம் என்று அர்த்தம். அது இருந்தால் நான் அந்தப் பக்கமே போக மாட்டேன். தளத்தைத் திறக்கவே நேரமில்லை என்றாலும், ஆய்வு முடிவுகளைக் கேட்காமலே எடுத்துப் படிக்கும்படி இல்லத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. பியானோவைப் பார்க்கும் நேரத்தில் அந்தக் கோப்பைத் தேடுங்கள்.

அங்கே வேலை செய்பவர்களை நான் கேவலப்படுத்துவதாகச் சொன்னவருக்கு: அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஏய்ட் பெண்ணும் ஓடிக்கொண்டேதான் இருந்தாள், சாப்பிடக்கூட உட்காரவில்லை. ஆள் போடாதவர்கள் மேல்தான் என் கோபம். ஒரு நோயாளிக்கு நாளுக்கு 3.48 மணி நேரப் பராமரிப்பு வேண்டும் என்று 2024-ல் கூட்டாட்சி அரசு விதி கொண்டுவந்தது. நர்சிங் ஹோம் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 ஏப்ரலில் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நாமே பார்த்துத் தெரிந்துகொள்ளாவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள்?

அப்புறம் இன்னொருவர் சொன்னது: "பெத்தவங்களை வீட்டில் வைத்துப் பார்க்காமல் இல்லத்தில் தள்ளிவிட்டு, அதில் தரம் வேறு பார்க்கிறார்களாம்." இதற்குப் பதில் சொல்லவே கூடாது என்று நினைத்தேன். அறுவை சிகிச்சைப் புண், ஆளைத் தூக்க இரண்டு பேர், நாலு மணிக்கு ஒரு மருந்து, இதை மாடிப்படி வீட்டில் வைத்து நீங்கள் செய்து பார்த்திருக்கிறீர்களா? என் மாமியார் படுத்திருந்தபோது நம் சங்கத்திலிருந்து எத்தனை பேர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்? பேச மட்டும் வருகிறீர்கள். இந்த வார்த்தைக்குப் பயந்துதான் நம் ஆட்கள் கேள்வியே கேட்பதில்லை. யாருக்கும் தெரியாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். அங்கே என்ன நடந்தாலும் வெளியே சொல்வதில்லை. மாநிலத்துக்கு மாநிலம் ஆம்புட்ஸ்மன் என்று புகார்களைக் கேட்டு விசாரிக்கும் ஒருவர் இருக்கிறார், இலவசமாகப் புகார் சொல்லலாம் என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. என் கேள்வி ஒருவரையாவது சங்கடப்படுத்தியது என்றால் படுத்தட்டும்.

இந்த வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டியவர்கள் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள். இல்லத்தின் பெயரும் ஊரும் போதும், அறிக்கையைச் சேர்ந்தே படிப்போம். இரவு ஆனாலும் பரவாயில்லை.