என் மகள் என்னோடு விரும்பித்தான் வந்தாள்

போன வாரம் நான் பதிவேற்றிய மலாக்காப் படங்களின் கீழ் எழுதப்பட்ட அந்த ஒரு வரியை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். எழுதியவர் யார் என்பதும் உங்களுக்குத் தெரியும். அவர் எனக்கு மூத்தவர், உறவினர், அதனால் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. "மாப்பிள்ளையோடு போக வேண்டிய வயதில் அம்மாவோடு போகிறாளே, பாவம்" என்று அவர் எழுதினார். அதற்குச் சிலர் அழுகிற முகங்களை இட்டார்கள். இன்னொருவர், அடுத்த தைக்குள் நல்லது நடக்கும் என்று என் மகளுக்கு ஆறுதல் சொன்னார். ஆறுதல் சொல்லும்படி எங்கள் வீட்டில் என்ன நடந்துவிட்டது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தாயும் மகளும் வெள்ளிக்கிழமை மாலை சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் மலாக்காவுக்குப் பேருந்து ஏறினோம், ஞாயிற்றுக்கிழமை இரவு வீடு திரும்பினோம். இதில் இரங்குவதற்கு என்ன இருக்கிறது?

நான் சொல்ல வருவது ஒன்றுதான். வேறு துணை கிடைக்காததால் என் மகள் என்னோடு வரவில்லை. என்னோடு வர வேண்டும் என்று நினைத்தாள், வந்தாள்.

அவள் தாதி. மருத்துவமனை வார்டில் காலை, மாலை, இரவு என்று மாறி மாறி வேலை செய்கிறவளுக்குச் சனியும் ஞாயிறும் சேர்ந்து ஓய்வாகக் கிடைப்பது எவ்வளவு அரிது என்பது வீட்டில் தாதி இருக்கும் எல்லாருக்கும் தெரியும். அப்படிக் கிடைத்த ஓய்வில் அவள் நாள் முழுக்கத் தூங்கியிருக்கலாம், தோழிகளோடு பேங்காக் போயிருக்கலாம். முன்பு போயும் இருக்கிறாள், அப்போதெல்லாம் யாரும் பாவம் என்று எழுதவில்லை. இந்த முறை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, "அம்மா, மலாக்கா போகலாமா?" என்று அவளாகத்தான் கேட்டாள். தோழிகளோடு போனால் சுற்றுலா, தாயோடு போனால் துரதிர்ஷ்டம் என்று யார் வகுத்தது?

அந்தப் பயணத்தில் எனக்கு என்ன கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை மாலையில் எல்லையிலுள்ள உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பேருந்தை விட்டு இறங்கி, வரிசையில் நின்று, கடற்பாலத்தைக் கடந்து, ஜொகூர் பாருவில் மறுபடியும் பையோடு இறங்கி ஏறும்வரை அவள் ஒரு கையால் இரண்டு பைகளையும் இழுத்துக்கொண்டு மறு கையால் என் முழங்கையைப் பிடித்திருந்தாள். யோங் பெங்கைத் தாண்டியபின் பேருந்தில் விளக்கை அணைத்துவிட்டார்கள். அந்த இருட்டில் அவள், தன் வார்டில் நெடுநாள் இருந்து இறந்துபோன ஒரு பாட்டியைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். கடைசி நாளில் அவருக்குத் தலை வாரிவிட்டது தான்தான் என்றாள். வீட்டில் நாங்கள் பேசிக்கொள்வதெல்லாம் சாப்பிட்டாயா, நாளைக்கு என்ன ஷிப்ட், துணி காய்ந்துவிட்டதா என்பவைதான். ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும், என் மகள் என்ன சுமந்துகொண்டு வீடு திரும்புகிறாள் என்பது எனக்கு அந்த இரவில்தான் தெரிந்தது. இதைத்தான் பாவம் என்கிறார்கள்.

மறுநாள் அவள் ஒன்பது மணிக்கு மேல் எழுந்தாள். எழுந்தவுடன் விடுதிக் கட்டிலின் விரிப்பை இழுத்து, மூலைகளை மடித்துச் செருகி, வார்டில் செய்வதைப்போலவே சுருக்கமில்லாமல் சரிசெய்துவிட்டுத்தான் பல் துலக்கப் போனாள். இதற்கெல்லாம் இங்கே ஆள் இருக்கிறது என்று சொல்லியும் கேட்கவில்லை. பிறகு ஜாலான் துக்காங் எமாஸில் 1781இல் கட்டப்பட்ட பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயிலுக்குப் போனோம். அதே தெருவில் பள்ளிவாசலும், அதன் தொடர்ச்சியில் சீனர் கோயிலும் இருக்கின்றன. 2008இல் யுனெஸ்கோ இந்த நகரை உலக மரபுடைமைத் தளமாக அறிவித்ததற்கு இந்தத் தெருவே போதும் என்று எனக்குத் தோன்றியது. மாலையில் கம்போங் சிட்டிக்கும் போனோம். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வணிகம் செய்ய வந்து, இங்குள்ள பெண்களை மணந்து, இங்கேயே தங்கிவிட்ட தமிழர்களின் வழிவந்தவர்கள் வாழும் பகுதி அது. பேச்சில் தமிழ் போய் மலாய் வந்துவிட்டது, உடையில் கெபாயா வந்துவிட்டது, அம்மன் மட்டும் போகவில்லை. என் மகள் அங்கே நெடுநேரம் நின்றாள். கல்யாண வீடு, காது குத்து, கருமாதி என்று ஓடிக்கொண்டே இருக்கிற நாங்கள் இருவரும் யாருக்கும் பதில் சொல்லாமல் ஓர் இடத்தில் நின்றது எனக்கு நினைவு தெரிந்து இல்லை.

வீட்டில் கணவரைத் தனியாக விட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: என் கணவருக்குச் சோறு வடிக்கத் தெரியும், எங்கள் புளோக்குக்குக் கீழே கோப்பிக்கடையும் இருக்கிறது. செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அறைக்கு அவள் கொடுத்தாள், சாப்பாட்டுக்கு நான் கொடுத்தேன், யாரிடமும் கடன் வாங்கவில்லை.

முப்பதைத் தாண்டியும் பெற்றோர் வீட்டில்தானே இருக்கிறாள் என்றும் ஒருவர் குத்திக் காட்டினார். திருமணமாகாத ஒருவர் தனியாக வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீடு வாங்க 35 வயது ஆக வேண்டும் என்பது இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? அந்த விதியை என் மகள் எழுதவில்லை.

ஒரு கேள்வியை மட்டும் என்னால் அப்படித் தள்ளிவிட முடியவில்லை, ஏனென்றால் அதை என் நலம் விரும்பும் தோழிகளே கேட்டார்கள். நீ அவளை உன் முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டால் அவள் வாழ்க்கை என்னாவது, உனக்குப் பிறகு அவளுக்கு யார் என்று கேட்டார்கள். இந்தக் கவலை எனக்கு இல்லை என்றா நினைக்கிறீர்கள்? ஜாதகம் எடுத்துக்கொண்டு அலைந்தவள் நான். பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், இரவுப் பணியை விட்டுவிடுவாளா என்று அவள் எதிரிலேயே என்னிடம் கேட்டது. அவள் படித்த படிப்பு, பார்த்த நோயாளிகள், எதைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேநீர்த் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் தன் அறைக்குப் போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகும் நல்ல இடம் வந்தால் நாங்கள் கதவைச் சாத்தவில்லை. ஆனால் அந்த நல்ல இடம் வரும்வரை அவள் சிரிக்கக் கூடாது, ஊர் பார்க்கக் கூடாது, பெற்ற தாயோடு ஒரு கோப்பைச் செண்டோல் சாப்பிடக் கூடாது என்றால், அந்தக் கவலை அவள்மேல் உள்ள அக்கறை என்று என்னால் நம்ப முடியாது.

பேருந்தில் தங்காக் என்ற பலகையைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. என் அம்மா வாழ்ந்த ஊர் அது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். அங்கிருந்து மலாக்கா பக்கம்தான், ஆனாலும் நானும் அவரும் சேர்ந்து அந்தக் கடற்கரையில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. கட்டிக்கொடுத்த பெண் தீபாவளிக்கு வரலாம், பிள்ளைப்பேற்றுக்கு வரலாம், சாவுக்கு வரலாம். சும்மா வந்து அம்மாவை வெளியே கூட்டிப்போக அன்று இடமில்லை. கேட்டிருந்தால், வீட்டில் என்ன பிரச்சினை என்றுதான் விசாரித்திருப்பார்கள். அப்போது எனக்கு மாப்பிள்ளை இருந்தார், குழந்தை இருந்தது, ஊர் கேட்ட எல்லாம் இருந்தது. என்னைப் பார்த்து யாரும் பாவம் என்று சொல்லவில்லை. என் அம்மாவைப் பார்த்தும் சொல்லவில்லை.

பெரியவர் ஒருவர் அன்பில் எழுதிவிட்டார், இதைப் பெரிதுபடுத்த வேண்டுமா என்று இதன் கீழும் யாராவது கேட்பீர்கள். பெரிதுபடுத்தியது நானில்லை. இரவுப் பணிக்கு நடுவில் கிடைத்த இடைவேளையில் என் மகள் அந்த வரியைப் படித்திருக்கிறாள். காலையில் வீட்டுக்கு வந்து, "விடுங்கம்மா" என்றாள். குளித்துவிட்டு வந்தவள், "இனிமே என் படத்தைப் போடாதீங்கம்மா" என்றாள். மூன்றாவது படத்தில், கோயில் வாசலில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவ்வளவு மகிழ்ச்சியாக நின்றவள் அவள். ஓர் அன்பான வரி செய்த வேலை இது.

அவள் கேட்டபடி அவள் முகம் தெரியும் படங்களை எடுத்துவிட்டேன். அந்தக் கருத்தை நான் நீக்கவில்லை. எழுதியவரே நீக்க வேண்டும், நீக்கிவிட்டு அவளைத் தொலைபேசியில் அழைத்து இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன். என்னிடம் பேச வேண்டாம், அவளிடம் பேசினால் போதும்.

அவளுடைய அடுத்த பணி அட்டவணை வந்துவிட்டது. ஹார்பர்ஃபிரண்டிலிருந்து பாத்தாம் தீவுக்குப் படகுச் சீட்டு எடுத்திருக்கிறோம், எங்கள் இருவருக்கும். படங்களை இடுவதா வேண்டாமா என்பதை அவள் முடிவு செய்வாள். இட்டால், அதன் கீழே பாவம் என்று எழுதுபவர் எந்த முறை உறவாக இருந்தாலும் இந்தப் பக்கத்திலிருந்து நீக்கிவிடுவேன்.