ஆப்ட் கிளீன் மென்பொருளை அழிக்காது

உபுண்டு இயங்குதளத்தில் அப்டேட் முடிந்த பிறகு, மென்பொருள்களை இறக்கி நிறுவும் ‘ஆப்ட்’ கருவியின் ‘ஆப்ட் கிளீன்’ (apt clean) கட்டளையைக் கொடுத்தால் நிறுவிய மென்பொருள்களும் போய்விடும், எல்லாவற்றையும் திரும்ப இறக்க வேண்டிவரும் என்று மேலே ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். பலரும் ஆமோதித்திருப்பதால் இதைச் சொல்கிறேன்.

அப்படி நடக்காது அண்ணா. அந்தக் கட்டளை, இறக்கிய டெப் பொதிகளை (மென்பொருளை நிறுவப் பயன்படும் கோப்புகள்) ஆப்ட் சேமித்து வைக்கும் கேஷ் என்ற தற்காலிகக் கோப்புறையைத்தான் காலிசெய்யும். நிறுவும்போதே பொதியைப் பிரித்து, உள்ளிருந்தவற்றை உரிய இடங்களில் வைத்தாயிற்று. டிவியை மாட்டிய பிறகு அட்டைப்பெட்டியை எறிவது மாதிரித்தான். (நிறுவியவற்றில் இனித் தேவைப்படாத பொதிகளையே நீக்குவது ‘ஆட்டோரிமூவ்’ கட்டளை. அதை நினைத்துச் சொன்னீர்களோ தெரியாது.)

என்னை நம்பத் தேவையில்லை. கட்டளைகளை அடிக்கும் டெர்மினலில் ‘ஆப்ட்-கெட் கிளீன்’ என்று அடித்து, இடைவெளி விட்டு ஒரு சிறுகோடும் சின்ன எஸ் எழுத்தும் சேருங்கள் (apt-get clean -s). எதையும் அழிக்காமல், எந்த இடத்தில் அழிக்கும் என்று மட்டும் காட்டும். அதோடு, நிறுவிய பொதிகளின் பட்டியலை ‘டிபிகேஜி’ (dpkg) என்ற பொதி மேலாண்மைக் கருவி மூலம் கிளீன் கொடுக்க முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிடுங்கள். ஒரு வரியும் குறையாது. லிப்ரே ஆபிஸ் வழமைபோலத் திறக்கும்.

டேட்டா பற்றிய பயம் நியாயம்தான். ஆனால் அதே பொதியை மீண்டும் நிறுவினால் மட்டுமே மறுபடி இறக்க வேண்டிவரும். கொழும்பு வெள்ளவத்தையில் இறக்கிய பொதிகளைப் பென் டிரைவில் போட்டு ஊரிலுள்ள மடிக்கணினிக்குக் கொண்டுபோகிறவர்கள், நகலெடுத்த பிறகு கிளீன் கொடுங்கள்.