சஜஷன் பாக்ஸ் சாவி யாருகிட்ட?

பதினோரு வருஷம் அம்பத்தூர் பக்கம் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில ப்ரொடக்ஷன்ல இருந்தேன். கேன்டீன் வாசல்ல ஒரு சஜஷன் பாக்ஸ் தொங்கும், பூட்டு போட்டு. சாவி ஹெச்ஆர்ல ஒருத்தர்கிட்ட இருந்துச்சு, அவர் வேலைய விட்டுப் போனதும் சாவி எங்க போச்சுன்னே தெரியல. பசங்க அதுல சாக்லேட் பேப்பர், பஸ் டிக்கெட்லாம் போடுவாங்க. ஆனா வருஷா வருஷம் "இன்னோவேஷன் மாதம்" மட்டும் தவறாம நடக்கும், பேனர், டீஷர்ட், சமோசா எல்லாம் உண்டு.

எங்க ட்ரில்லிங் லைன்ல ஒரு ப்ராக்கெட் ஓடும். ரெண்டு பக்கமும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், தூக்கக் கலக்கத்துல திருப்பி வச்சு கிளாம்ப் பண்ணிட்டா ஓட்டை தப்பான இடத்துல விழுந்து பீஸ் நேரா ஸ்க்ராப்புக்கு. நைட் ஷிஃப்ட்ல பத்து பதினஞ்சு போகும், காலைல ஆபரேட்டருக்குத் திட்டு. ஐடிஐ முடிச்ச ஒரு பையன், ஃபிக்ஸ்சர்ல (பீஸப் பிடிச்சு வைக்கற அமைப்பு) ஒரு சின்ன பின் வச்சா திருப்பி வைக்கவே முடியாதேன்னு படம் போட்டு எழுதி அந்தப் பெட்டில போட்டிருக்கான். எட்டு மாசம் ஆச்சு. முடியாதுன்னு சொல்லியிருந்தாக்கூட அடுத்தது ஒண்ணு யோசிச்சிருப்பான், பதிலே வராததுல வெறுத்துட்டான்.

அப்புறம் புது ஜிஎம் (ஜெனரல் மேனேஜர்) வந்தார். ரெண்டாவது வாரமே ராத்திரி ரெண்டு மணிக்கு லைன்ல வந்து நின்னார், கூட அல்லக்கை யாரும் இல்ல. "தம்பி, இந்த மெஷின்ல உனக்கு எது எரிச்சலா இருக்கு?"ன்னு கேட்டார். ஐடியா இருக்கான்னு கேட்டா எவனும் வாயத் திறக்க மாட்டான், எரிச்சலக் கேட்டா அரை மணி நேரம் கொட்டுவான். பையன் பின் விஷயத்தச் சொன்னான், அவரே டூல் ரூம்ல சொல்லி மறுநாள் பின் போட்டாச்சு. ஊத்திக்கிச்சு! பின் அடில சிப்ஸ் (ட்ரில் பண்ணும்போது விழற உலோகச் சீவல்) சேர்ந்து பீஸ் தூக்கிக்கிச்சு, நாப்பது பீஸ் காலி. காலை மீட்டிங்ல எங்க மேனேஜர் பையன் பேர இழுக்க ஆரம்பிச்சார், ஜிஎம் "ட்ரையல் போடச் சொன்னது நான், என் கணக்குல எழுதுங்க, சிப்ஸ் வெளிய போக என்ன வழின்னு சொல்லுங்க"ன்னாரு. ரெண்டு நாள்ல பின்னச் சுத்தி ஒரு பள்ளம் வெட்டினாங்க, சரியாயிடுச்சு. பின்னு கிடக்கட்டும், அந்த மீட்டிங் கதை சாயங்காலத்துக்குள்ள ஷாப் ஃப்ளோர் பூரா பரவிடுச்சு, அதுக்கப்புறம்தான் பசங்க தானா வந்து பேச ஆரம்பிச்சாங்க.

லைன்ல நிக்கறவன்கிட்ட ஐடியா கேக்கறது ஒண்ணும் புதுசு கிடையாது. டொயோட்டா கார் கம்பெனி குடும்பத்து எய்ஜி டொயோடா 1950ல அமெரிக்கா போய் ஃபோர்டு ஃபேக்டரில சஜஷன் முறையப் பாத்துட்டு வந்து, 1951ல டொயோட்டால ஆரம்பிச்சாச்சு. நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் வராதுங்கற மேனேஜருங்களுக்கு ஒண்ணு சொல்றேன், நம்ம பக்கத்துல பாடில இருந்த சுந்தரம் கிளேட்டன் பிரேக் டிவிஷன் 1998லயே டெமிங் பிரைஸ் (தரத்துக்கு ஜப்பான்ல குடுக்கற பெரிய விருது) வாங்கிட்டாங்க.

இன்னொரு விஷயம் வெளிய யாரும் பேச மாட்டாங்க. ரெண்டு ஆள் வேலைய ஒரு ஆள் செய்யற மாதிரி ஒருத்தன் ஐடியா குடுத்தான்னு வைங்க, அடுத்த மாசம் கூட நின்ன கான்ட்ராக்ட் பையன் கேட்டுக்கு வெளிய. அப்புறம் எவன் குடுப்பான்? உங்க ஐடியாவால யாரு வேலையும் போகாது, வேற லைனுக்கு மாத்துவோம்னு ஜிஎம் சொல்லணும், சொன்னபடி நடக்கவும் செய்யணும். சூப்பர்வைசரால அந்த வாக்கு குடுக்க முடியாது. அதே மாதிரி ஆபரேட்டர் ஐடியாவ பிபிடில தன் பேர்ல போட்டுக்கற மேனேஜரக் கண்டிக்கறதும் ஜிஎம் வேலைதான் (நானும் ஒரு தடவ அப்படிப் பண்ணியிருக்கேன், இப்ப நெனச்சாலும் கூச்சமா இருக்கு).

த்ரீஎம்ங்கற அமெரிக்க கம்பெனில 1948ல இருந்தே வேலை நேரத்துல 15 சதவீதம் சொந்த யோசனைக்குன்னு விட்டு வச்சிருக்காங்க. 1968ல செஞ்ச, அழுத்தமா ஒட்டாத ஒரு பசைதான் 1980ல போஸ்ட்-இட்டா (ஒட்டி எடுக்கற குட்டி நோட் பேப்பர்) கடைக்கு வந்துச்சு, அவ்ளோ பொறுமை. நம்ம லைன்ல 15 சதவீதம்லாம் நடக்காது, டார்கெட் விடாது, ஆனா சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஒரு மெஷின ட்ரையலுக்கு விடலாமே. எங்க ஜிஎம் விட்டாரு.

அவர் ரெண்டு வருஷத்துல வேற ப்ளான்ட்டுக்குப் போயிட்டாரு, நானும் வெளிய வந்துட்டேன். போன மாசம் அந்தப் பையன் போன் பண்ணான். பெட்டிய எடுத்துட்டு க்யூஆர் கோட் ஒட்டியிருக்காங்களாம், ஸ்கேன் பண்ணி எழுதினா "உங்கள் ஆலோசனைக்கு நன்றி"ன்னு வருதாம். அப்புறம்னு கேட்டேன். "அவ்ளோதாண்ணா"ன்னான்.