முதலாளி தியானம் செய்தால் போதுமா?
முதலாளி தினமும் காலையில் 10 நிமிடம் தியானத்தில் உட்கார்ந்தால் கீழே இருப்பவர்களின் மன அழுத்தமும் தானாகக் குறைந்துவிடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அது அவ்வளவு லேசில் நடக்காது. நான் முன்பு வேலை பார்த்த திருப்பூர் பின்னலாடை கம்பெனியில் முதலாளி விடியற்காலைத் தியானத்தை ஒரு நாளும் விட்டதில்லை. ஆனால் ஷிப்மென்ட் தள்ளிப்போனால் இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் வரிசையாக வந்து விழும். பேக்கிங் சூப்பர்வைசர் அதைக் கேட்கப் பயந்து போனை மனைவியிடம் கொடுத்துவிடுவார். அமெரிக்காவின் ஏட்னா காப்பீட்டு நிறுவனத் தலைவராக இருந்த மார்க் பெர்டோலினியைக் கட்டுரையில் சேர்த்திருக்கலாம். 2004-ல் பனிச்சறுக்கு விபத்தில் கழுத்து முறிந்து, வலியைச் சமாளிக்க யோகா, தியானம் என்று போனவர். ஊழியர்களுக்கும் வகுப்பு வைத்தார், சரி. அதோடு நிற்காமல் 2015-ல் கம்பெனியின் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 16 டாலராக உயர்த்தினார். வாடகைக்குத் திண்டாடுகிறவரிடம் போய் மூச்சைக் கவனி என்றால் எரிச்சல்தான் வரும். அந்தக் கட்டுரைக்குக் கருத்து போட்ட ஒரு நண்பர் ஆபீசில் தியான அறை வேண்டும் என்று எழுதியிருக்கிறார். தாராளமாக வைக்கட்டும், அப்புறம் அந்த அறைக்குப் போக சூப்பர்வைசருக்கு நேரம் யார் கொடுப்பது?